பாலுக்குச் சிவப்புச் சீட்டு

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளணும். நாலாம் கிளாஸோடு நின்றவள். பாதி மறந்தும் போச்சு. மறக்காததை எழுதுகிறேன்.

இத்தாலியில் ஒரு வயசான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் மகளுக்கு வருகிற மாதிரி இருந்தது. அந்த வீட்டு மருமகள் போனில் முகம் பார்த்துப் பேசித்தான் முடிவு சொல்வாளாம். மகள் ஆலுவாவுக்கு பஸ்ஸில் போய் இத்தாலி பாஷை படித்தாள். மட்டாஞ்சேரி வீட்டுச் சாமான்களில் எல்லாம் சீட்டு ஒட்டினாள். வெள்ளைச் சீட்டில் பேரும் சின்னப் படமும். அதற்கு முன்னால் நீலத்தில் 'இல்', இல்லாவிட்டால் சிவப்பில் 'லா'.

“பேரை மட்டும் சொன்னா போறாதா?”

“போறாதும்மா. சாமான் ஆணா பெண்ணான்னு அந்தச் சின்னச் சொல்தான் காட்டும். ஓன்னு முடிஞ்சா அநேகமா ஆண், ஆன்னு முடிஞ்சா பெண். ஏன்னு முடியறதுதான் படுத்தறது. பால், உப்பு, சாவி எல்லாம் அந்த ஜாதி. சேர்த்தே மனப்பாடம் பண்ணணும்.”

சரஸ்வதி பூஜை வந்தது. மகள் இடக்கொச்சியில் வேலை செய்யும் வீட்டிலேயே தங்கியிருந்தாள். வீடு கழுவும்போது எழுத்து நனையக்கூடாதே என்று சீட்டையெல்லாம் உரித்து, புஸ்தகத்தோடு பூஜையில் வைத்துவிட்டேன். வைத்தால் விஜயதசமி காலை வரை தொடக்கூடாது. அன்றைக்கு எடுத்தால், நீலமும் சிவப்பும் தனியாக உதிர்ந்து கிடந்தன. படம் பார்த்து வெள்ளையை ஒட்டிவிட்டேன். எதற்கு எந்த நிறம் என்று தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டுக் கேட்கக் கூச்சம். பால் பசு தருவது, அதனால் சிவப்பு. சாவி என் வீட்டுக்காரர் மடியை விட்டு இறங்கினதே இல்லை, அதனால் நீலம்.

போன் வரவேண்டியது அன்று சாயங்காலம். மத்தியானம் வந்த மகள் கையில் சாயாவோடு சீட்டு சீட்டாக முணுமுணுத்தாள். பால் பாத்திரத்தின் முன்னால் நின்றாள்.

“லாவா? நான் இல்னுல்ல நினைச்சிண்டிருந்தேன்!”

நான்தான் ஒட்டினேன் என்று சொல்லாமல் கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

போன் வந்தது. நான் கதவுக்குப் பின்னால். காலையில் என்ன கொடுப்பாய் என்று அந்த மருமகள் கேட்டாளாம். “லா லாத்தே” என்றாள் மகள். அங்கே சிரிப்பு, பிறகு திருத்தம்: “இல் லாத்தே.” அடுத்த கேள்வி வாசல் சாவி பற்றி. “இல் கியாவே.” இந்தத் தடவை சிரிப்பு இல்லை. மகள் முகம் வெளுத்துவிட்டது.

அன்னியர் முன்னால் வராதவள் நான், போன் முன்னால் போய்க் கும்பிட்டேன். “என் தப்பும்மா. பசு தர்றதுன்னு பாலுக்குச் சிவப்பு ஒட்டிட்டேன்.”

“ஐயோ அம்மா, உள்ளே போயேன்!”

ஆனால் அங்கே இருந்தவள் விடவில்லை, என்ன சமாசாரம் என்று கேட்டாள். மகள் தடுக்கித் தடுக்கிப் பூஜையிலிருந்து பசு வரைக்கும் சொன்னாள். அந்த மருமகள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி பேசிவிட்டு முடிவு சொல்கிறாளாம்.

“என்னைக் காட்டி மியா மாத்ரேன்னியே, எனக்கு மட்டும் லா கிடையாதா?” என்று பிறகு கேட்டேன்.

“என் அம்மான்னு சொன்னா அது வேண்டாம். உன் நெத்தியிலும் ஒண்ணு ஒட்டட்டுமா?”

சிரித்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. திரும்ப ஒட்டியாச்சு. பாலும் உப்பும் நீலம், சாவி சிவப்பு. சர்க்கரைக்கு 'லோ'வாம், அதற்குப் பச்சை. அந்தப் பாஷை தெரிந்தவர் யாராவது இதைச் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கோ. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சொன்னால் உபகாரம்.