கொஞ்சம் நகர்ந்துகொள், தாயே

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் கடைக்கு முன்னால் தகரம் முளைத்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் பதினோரு வருடமாகப் பரதநாட்டிய உடை தைக்கிறவள் நான். ஏதோ கட்டட வேலை என்று தெருவை மறித்து இரண்டு ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்துவிட்டார்கள். கடைப் பலகை மறைந்தது. பின்சந்து வழியாக வரலாம். அது யாருக்குத் தெரியும்?

ஒரு மாதம் மெஷினில் தூசிதான் உட்கார்ந்தது. தீபாவளி வரை பார்ப்பது, அப்புறம் கடையைக் காலி செய்து கிளாங்கில் தங்கை வீட்டு ஹாலில் மெஷினைப் போடுவது என்று வீட்டில் எல்லாரும் முடிவு செய்தார்கள். என்னைத் தவிர எல்லாரும்.

அம்மன் கோயிலுக்குப் போனேன். அழவில்லை. "எனக்கு வழி விடு. விடுற வரைக்கும் உன் வாசலை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, குங்குமம்கூட வாங்காமல் திரும்பினேன். அதன் பிறகு வெள்ளிக்கிழமை மணியோசை கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டே நடந்தேன்.

மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் புஷ்பா ஒருநாள் இறங்கி வந்தாள்.

"அக்கா, தகரத்தை மொறைச்சா அது நகராதுலா. ஒரு வெப்சைட் போடுவோம். ஆபிஸ்ல இருக்கிறவங்க உங்க கடையப் பாப்பாங்க. பின்சந்து வழியையும் படமா போட்டுக் காட்டிடலாம்."

"பாத்துட்டு?"

"போன் நம்பர் இருக்கும்ல, கூப்பிடுவாங்க."

ஒரே நிபந்தனையோடு சம்மதித்தேன். சாமி படம் இல்லாமல் எதையும் தொடங்க மாட்டேன். சண்டை எனக்கும் அம்மனுக்கும் நடுவில், தொழில் வேறு. பூஜையறைப் படத்தையே கழற்றிக் கொடுத்தேன். திரை நிறைய அம்மன். அவளுக்குக் கீழேதான் உடைகள், வழி, போன் நம்பர்.

மூன்று வாரம் போன் அடிக்கவில்லை.

புஷ்பா மாடிக்குக் கூப்பிட்டுப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். இணையம் போன் கம்பி வழியாக ஊர்ந்துதான் வருகிறது. கிரீடம் வந்தது. காத்திருந்தோம். நெற்றி வந்தது. நான் கொண்டுபோன தே தாரேக் டீ ஆறிப்போனது. மூக்குத்தி இன்னும் வரவில்லை.

"அம்மாவோட கழுத்து வர்றதுக்குள்ள கஸ்டமர் வேற வேலையப் பாக்கப் போயிடுவாங்கக்கா. படத்த எடுத்துடலாமா?"

"வாய மூடுடி. சாமியப் போய் எடுக்கிறதா?"

"அப்ப கடைய எடுத்துடுவோமா?"

பாதி முகத்தோடு திரையில் நின்றவளைப் பார்த்தேன். தெருவை மறித்தது தகரம். இந்தக் கதவை மறித்தது நான்தான், அவளை வைத்து. "நகரு தாயே, வர்றவங்க வரட்டும்" என்று உரக்கச் சொல்லி, என் கையாலேயே படத்தை எடுத்தேன். பாவம் என்றார்கள் வீட்டில். இருக்கட்டும் என்றேன்.

வியாழக்கிழமை போன் அடித்தது.

"ஆன்டி, கடை இருக்கா? ஸ்ரீ கெம்பாங்கான்ல டான்ஸ் சொல்லித் தரேன். ரெண்டு தடவ வந்து தகரத்தப் பாத்துட்டு, மூடிட்டீங்கன்னு போயிட்டேன்லா. இப்பதான் ஆபிஸ்ல உங்க வெப்சைட்டப் பாத்தேன்."

"இருக்கேன்மா. எங்கயும் போகல."

சனிக்கிழமை எட்டுப் பெண்பிள்ளைகள் சந்துச் சேற்றைத் தாண்டி வந்தார்கள். முன்னால் வந்தவள் கையில் அந்த வழிப்படம், காகிதத்தில். அளவெடுக்கும்போது என் கண் கலங்கியதை ஊசி கோக்கிற சாக்கில் மறைத்தேன். பிறகு செலாயாங்கிலிருந்து வந்தார்கள். பெர்த்திலிருந்து ஒரு தாய், மகளின் அரங்கேற்ற உடைக்கு அளவுகளை மின்னஞ்சலில் அனுப்பினாள். நான் பார்த்தே இராத பெண்ணுக்கு விசிறி மடிப்பு வைத்தேன்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை கோயில் வாசலை மிதித்தேன். அன்றைக்குத்தான் அழுதேன்.

இப்போது அம்மன் என் வெப்சைட்டின் அடியில், கட்டைவிரல் நகமளவு இருக்கிறாள். சட்டென்று வந்துவிடுகிறாள்.

கடை வைத்திருக்கும் சகோதரிகளே, உங்களையும் ஏதாவது ஒரு தகரம் மறைத்திருந்தால் அவளிடம் கேளுங்கள். கெஞ்ச வராவிட்டால் சண்டை போடுங்கள், அவள் தாங்குவாள். ஆனால் வாசலை மறித்து அவளை நிறுத்திவிட்டு நீங்கள் உள்ளே உட்கார்ந்துவிடாதீர்கள்.

தகரம் இன்னும் அங்கேதான் நிற்கிறது. நிற்கட்டும். எனக்குத் தைக்க வேலை இருக்கிறது.