பாஸ்கலுக்குப் போன முறுக்கு

கோரிமேடு ஆஸ்பத்திரிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் இடையே டெம்போ ஓட்டும் பாவாடை தன் பெயரால் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. குலதெய்வம் பாவாடைராயனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்று வைத்த பெயர். சாமிக்குப் பொருந்தியது, முன்பு பார்த்த மில் வேலையிலும் இப்போது டெம்போ ஸ்டாண்டிலும் எடுபடவில்லை. அடுத்தவன் சிரிப்பதற்குள் தானே சிரித்துவிடுவது என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். "பேரு பாவாடைங்க. கட்டுறதுக்கு இல்ல, கூப்புடுறதுக்கு" என்றுதான் புது ஆளிடம் பேச்சையே தொடங்குவார்.

மகன் எழிலரசனுக்கு அந்தச் சாமர்த்தியம் வாய்க்கவில்லை. ஆறாம் வகுப்பில் வாத்தியார் வருகைப் பதிவின்போது அப்பா பெயரையும் சேர்த்துப் படித்துவிட, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பையன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, நீ வேற பேரு வெச்சுக்கக் கூடாதா என்று கேட்டான். பாவாடை அதற்கும் ஏதோ வேடிக்கை சொல்லிச் சமாளித்தார். பையன் சிரிக்கவில்லை என்பது மட்டும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அந்தப் பையன் லாஸ்பேட்டையில் படித்து முடித்து, மேல்படிப்பு என்று பிரான்சுக்குப் போனான். போனவன் படிப்பை விட்டுவிட்டு லெஜியோனில், அதாவது வெளிநாட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளும் பிரெஞ்சுப் படையில், சிப்பாயாகச் சேர்ந்துவிட்டான். 2006இல் அவனை ஆப்பிரிக்காவில் ஜிபூத்தி என்ற நாட்டுக்கு அனுப்பினார்கள். பாவாடை உலகப் படத்தில் அந்த நாட்டைத் தேடினார். மேலே உட்கார்ந்திருந்த ஈயை விரட்டிய பிறகுதான் அது கண்ணில் பட்டது.

மகன் எழுதிய கடிதத்தில் முகவரி இருந்தது. அவர் மனைவி சந்திரகலா இரண்டு நாள் அடுப்படியை விட்டு நகராமல் முறுக்கும் எள்ளடையும் சுட்டாள். வெயிலில் காயவைத்த வடகத்தைத் தனியாகக் கட்டி வைத்தாள். பாவாடை தன் பங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். வீட்டில் எல்லாரும் சுகம், டெம்போவுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று தொடங்கும் கடிதம். பெட்டியைக் காடாத் துணியில் வைத்துத் தைத்ததும் அவரேதான். முகவரி எழுத உட்கார்ந்தபோது, முதல் வரியில் 'எரிக் பாஸ்கல்' என்று இருப்பதைப் பார்த்தார். யாரோ மேலதிகாரி போலிருக்கிறது, அவன் கையில் கிடைத்தால் முறுக்கு மிஞ்சுமா என்று யோசித்தார். பாஸ்கலை நீக்கிவிட்டு, 'பா. எழிலரசன், த/பெ. பாவாடை' என்று கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பினார்.

பார்சல் போன வழியே சில மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அதன்மேல் இருந்த பிரெஞ்சு முத்திரையைப் பக்கத்துத் தெரு கிருஷ்ணசாமி படித்துச் சொன்னார். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பழைய சொல்தா. அந்தப் பெயரில் அங்கே ஆளே கிடையாதாம். லெஜியோனில் சேருகிறவன் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டிருப்பதாகவும், பாஸ்கல் என்பது உங்கள் பையன்தான் என்றும் அவர் சொன்னார்.

மாற்றிக்கொள்ளலாம் என்ற வார்த்தை பாவாடைக்கு நெஞ்சில் தைத்தது. ஊர் சிரிக்கப் பிழைத்தவனைப் பார்த்துப் பிள்ளையும் சேர்ந்தல்லவா சிரித்துவிட்டான். ஆனாலும் காறிப்போன முறுக்கைக் கடித்துக்கொண்டே, "ஆறாங்கிளாஸ்ல கேட்டத இப்ப அவனே செஞ்சிக்கிட்டான். வெவரமான புள்ள" என்று சந்திரகலாவிடம் சிரித்தார். அவள் மறுபடி மாவு பிசைந்தாள்.

இரண்டாவது பார்சலில் எரிக் பாஸ்கல் என்றே எழுதினார். சாமிக்கு வேண்டிப் பெற்ற குடும்பத்தில் இப்படி ஒரு பாஸ்கல் எப்போது பிறந்தான் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அனுப்புநர் என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றது. வேண்டாம் என்று விட்டுப்போன பெயரைக் கடல்தாண்டித் துரத்திக்கொண்டு போவானேன்? மனைவி பெயரை எழுதி, அதோடு முடித்துக்கொண்டார். அங்கே தமிழ் தெரிந்து சிரிக்க ஒருவனும் இருக்கமாட்டான் என்பது தபாலாபீஸை விட்டு வந்த பிறகுதான் அந்த மண்டையில் உறைத்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மகனிடமிருந்து போன் வந்தது. பாஸ்கல் சாருங்களா என்று பாவாடை முந்திக்கொண்டார். மகன் சிரித்தான். முறுக்கை ஆளுக்கொன்றாகக் கொடுத்தும் சண்டை வந்ததாகச் சொன்னான். பிறகு குரல் இறங்கியது.

"ஏம்பா, அம்மா பேரு மட்டுந்தான் இருக்கு. உம்பேரக் காணோம்?"

"அது எதுக்குடா அங்க? நீயே வேணாம்னு உட்டுட்டுப் போன பேரு."

லைன் போய்விட்டதோ என்று பாவாடை போனை உதறிப் பார்த்தார்.

"நான் உடலப்பா. சேந்த அன்னிக்கே பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சிக்கிட்டு அவங்களே ஒரு பேரக் குடுத்துட்டாங்க. எல்லாருக்கும் அப்டித்தான். இங்க எம்பேரச் சொல்லிக் கூப்புட ஒருத்தரும் இல்ல. உம்பேராவது இருக்கும்னுதான் பொட்டிய நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தேன்."

பாவாடை அடுத்த தடவை எழுதுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார். வைத்ததும் ஸ்டியரிங்மேல் சாய்ந்து, வெட்கமில்லாமல் அழுதார். அந்த வாசலில் அழுகிறவர்களை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. பின்சீட்டில் மருந்துப் பையோடு இருந்த ஒரு அம்மாள் அவர் தோளைத் தொட்டு, உள்ளே யாரைச் சேர்த்திருக்கிறது, எந்த வார்டு என்று விசாரித்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் பாவாடை, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எம்பையன் எம்பேரக் கேட்டான்."