கோலியனூர் ராஜாவின் தொடை

கோலியனூர் விருத்தாசலத்துக்குப் பிழைப்பு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை; பங்குனி பிறந்தால் அம்மன் கோயில் கூத்தில் கெட்ட ராஜா வேஷம். நிறைந்த சபையில் அவன் தொடையைத் தட்டி, அடுத்தவன் பெண்டாட்டியை மடியில் உட்கார அழைக்கும்போது கூட்டம் காறித் துப்பும். அதுவே அவனுக்கு மாலையும் மரியாதையும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில், மேல்மலையனூர் அமாவாசைக்கு அவன் போன வண்டி குடை சாய்ந்தது. தொடையில் அடி. திண்டிவனத்தில் புதிதாக எக்ஸ்ரே யந்திரம் வாங்கி, ஆள் சிக்காமல் காத்திருந்த ஒரு டாக்டர் ஆசை தீரப் படமெடுத்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் வலது தொடை எலும்பின் மேல்பக்கம் மங்கலாக ஒரு கறை!

"புற்று. காலை இடுப்போட எடுத்துடணும்" என்றார்.

ஐயோ! அவன் மனைவி காந்திமதி சுவரில் முட்டிக்கொண்டு கதறினாள். ஊர் கதறவில்லை. ஊருக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது.

"வருஷா வருஷம் ஆத்தா எதிர்ல தொடையத் தட்டிக்கினு நின்னானே, சும்மா வுடுவாளா?" என்றாள் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள்.

கூத்தில் கட்டியங்காரனாக வரும் சீனுவாசன், கண்ணைத் துடைத்தபடியே வந்து, "மாமா, உன் கிரீடம் எனக்கு சரியா இருக்குமா?" என்றான்.

"காலு இன்னும் என்கிட்டதான்டா இருக்குது. எட்டி உதைக்கட்டுமா?" என்றான் விருத்தாசலம்.

காந்திமதி அவனை விழுப்புரத்தில் ரயிலேற்றி, பட்டணத்து எலும்பு டாக்டரிடம் இழுத்துப்போனாள். அவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ராத்திரி தூங்கவிடாம வலிக்குமா?"

"இல்லீங்க."

"அடிபடறதுக்கு முன்னே?"

"ஆடிக்கினுதாங்க இருந்தேன்."

கறையைச் சுற்றி வரப்புப் போட்டாற்போல் வெள்ளை விளிம்பு. எலும்பின் ஓடு எங்கும் அரிக்கப்படவில்லை. புற்று இவ்வளவு அடக்கமாக உட்காராது என்றார். ஆனாலும் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார். முடிவு வரும்வரை காந்திமதி சோற்றில் கை வைக்கவில்லை.

"எலும்பு இருக்கவேண்டிய இடத்துலே நார் வளர்ந்திருக்கும்மா. சின்ன வயசிலேயே வந்திருக்கும். கெடுதல் இல்லை, வெட்டவும் வேண்டாம். அப்பப்போ படமெடுத்துப் பார்த்தா போதும்."

"தொடையத் தட்டின சாமி குத்தம்னு ஊரே சொல்லுதுங்க."

"எந்தத் தொடை?"

"எடதுங்க" என்றான் விருத்தாசலம்.

"கறை வலதுலேன்னா இருக்கு!"

இரண்டு காலோடும் வந்து இறங்கியவனைக் கண்டு ஊரின் முகம் வாடிப்போயிற்று. டாக்டர் சொன்னதைக் காந்திமதி தெருமுழுக்கச் சொன்னாள். கோவிந்தம்மாள் மட்டும் அசையவில்லை.

"ஆத்தா எதிர்லதானேடி குந்திக்கினு பாக்கறா? எதிர்ல இருக்கறவளுக்கு எடதும் வலதும் மாறித்தானே தெரியும்?"