இல்லை என்று தலையாட்டினேன்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாயால் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எனக்கு முப்பது வயதிருக்கும்போது அக்குளிலும் மார்புக்குக் கீழேயும் தோல் ஈரமாக வெடிக்கத் தொடங்கியது. அப்போது கண்டி டவுனில் ஒரு மிளகாய்த்தூள் ஆலையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். வெடிப்பில் வியர்வையோடு தூளும் இறங்கினால் உயிர் போகும். அழுக்கினால் வருகிறது என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பேன். அது இன்னும் வெடிக்கும். வெயில் குறைந்தால் ஆறும், அடுத்த வெயிலுக்குத் திரும்ப வரும். தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, பழைய துணியை மடித்து வைத்து மறைத்தேன். கணவர் உயிரோடு இருந்தவரை அவரிடமும் வேர்க்குரு என்றுதான் சொன்னேன்.

மகள் சின்னவளாக இருந்தபோது கேலி செய்வாள். "ஏம்மா கோழி மாதிரி ரெண்டு கையையும் விரிச்சு வச்சிருக்க? பறக்கப் போறியா?"

"வேர்க்குருடி. போய்ப் படி."

அவள் வளர்ந்து பல்லேகலையில் தையல் ஃபெக்டரிக்கு வேலைக்குப் போனாள். கலகெதரயில் ஒரு லொறி டிரைவருக்குக் கட்டிக்கொடுத்தேன். இரண்டாம் வருடம் கடுகண்ணாவையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து அழுதாள். தொடை இடுக்கில் தோல் உரிந்து வெடித்திருந்தது. "எவ்வளவு கழுவினாலும் வாடை போகலம்மா" என்றாள். அக்குளில் அவளுக்கு ஒன்றும் இல்லை. ஆகவே எனக்கு இருப்பது வேறு, இது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பார்த்தவுடனே என் வெடிப்புதான் நினைவுக்கு வந்தது.

கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டருக்குச் சிங்களம் மட்டும்தான். எங்கள் தெருவில் குடியிருக்கும் அட்டெண்டன்ட் ஒருவர்தான் தமிழில் சொன்னார், அதுவும் ஊருக்கே கேட்கிற மாதிரி. "வீட்டுல வேற யாருக்கும் இப்படி இருக்கான்னு கேக்குறாரு. அக்கா, உங்களுக்கு இருக்கா?"

வாங்குப் பலகையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"அக்காவுக்கு வாயே இல்ல, நோய் வருத்தம் எங்க இருந்து வரும்?" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பங்கசு, அதாவது பூஞ்சணம் என்று சொல்லிப் பூச்சு மருந்து கொடுத்தார்கள். புருஷனும் பூச வேண்டும் என்றார்கள். அதுதான் வினையாகிவிட்டது. "என் மகன் உடம்புல ஒரு பொட்டு இல்ல. உனக்கு மட்டும் எங்க இருந்து ஒட்டுச்சு? பல்லேகலையில யாருகிட்ட வாங்கிட்டு வந்த?" என்று மாமியார் கேட்டிருக்கிறாள். மருமகன் தன் அம்மாவைத் தடுக்கவில்லையாம். மாதக்கணக்கில் பூசியும் ஆறவில்லை. ஒரு நாள் மகள் ஒரே ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிறகு கண்டியில் வேறு ஒரு பெண் டொக்டரிடம் போனோம். திரையை இழுத்து மூடிவிட்டு, தெரிந்த தமிழில் மெதுவாகப் பேசினார். தோலில் சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தபோது என் வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னார். ஒட்டுகிற நோய் இல்லையாம், அழுக்கும் இல்லையாம், பெற்றவர்களிடம் இருந்து வருவதாம். "நிறைய ஆளுக்குக் கழுத்து, அக்குள். இவங்களுக்கு அந்த இடம் மட்டும். அதனால கண்டுபிடிக்கக் கஷ்டம். அம்மாவுக்கு இருக்கா?"

நான் சட்டை ஊக்கைக் கழற்றினேன். மகள் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

பஸ் பேராதனையைத் தாண்டியது. அப்போது அவள் கேட்டாள். "அன்னைக்கு அந்த ஆளு கேட்டப்ப ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நம்ம தெரு ஆளு, புள்ள. வெக்கமா இருந்துச்சு."

"உனக்கு வெக்கம். எனக்கு என்ன பேரு வந்துச்சு தெரியுமா?"

அடுத்த நாள் டொக்டர் எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு தனியாகக் கலகெதரவுக்குப் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "சம்பந்தி, அது என் உடம்புல இருந்து போனது. அவ மேல தப்பு இல்ல" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

சம்பந்தி அம்மா தேத்தண்ணி கொடுத்தார். "அப்ப நான் பேசுனது பாவம். மன்னிச்சிக்கிடுங்க. ஆனா பரம்பரையா வர்றதுன்னா பொறக்குற புள்ளைக்கும் வருமே? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கணும்."

பெண் பார்க்க வந்தபோது பரம்பரை என்று எனக்கே தெரியாது. ஆனால் கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேன்.

மருமகன் பஸ் நிற்கும் ஹோல்ட்வரை கூட வந்தார். "அத்தை, அவகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"நீங்க என்ன சொல்லச் சொல்றீங்க?"

அவர் பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

வீட்டுக்கு வந்து ஒன்றையும் மறைக்காமல் மகளிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, தன் புது மருந்துக் குழாயை என் பக்கம் தள்ளினாள். "நீயும் பூசு. ரெண்டு பேருக்கும் அதே மருந்துதான்னு டொக்டர் சொன்னாங்கல்ல."

பத்து நாளில் என் அக்குள் காய்ந்துவிட்டது. அவளுக்கும் ஆறி வருகிறது. கலகெதரயில் இருந்து இன்னும் யாரும் வரவில்லை.