மீன் பெட்டியோடு புதுமடத்துக்கு

1998, மாசி மாதம், ஒரு புதன்கிழமை. காலை 5.40க்கு ராமநாதபுரத்தில் ராமேஸ்வரம் பஸ் ஏறினேன். உச்சிப்புளிக்குப் பதினாறு கிலோமீட்டர், டிக்கெட் நாலு ரூபாய். மடியில் ஐஸ் பெட்டி, அதற்குள் மூன்று காலி பாட்டில்கள். கடலும் கிணறும் கெடாமல் கண்காணிக்கும் அலுவலகத்தில் சோதனைக்குத் தண்ணீர் எடுப்பது என் வேலை. அபிராமத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அய்யா இன்றும் மிளகாய்க் காட்டுக்குக் கூலிக்குப் போகிறார்.

புதுமடத்துக்கு இது மூன்றாவது பயணம். இறால் பண்ணைக் கழிவு வாய்க்கால் வழியாகக் கடலில் கலக்கிறது, கிணறுகளும் நாறுகின்றன என்று பல்கீஸ் அக்கா மனு கொடுத்திருந்தார். கடலில் பாசி எடுப்பவர். நான் இரண்டு முறை எடுத்த வாய்க்கால் தண்ணீரும் சுத்தம் என்றே முடிவு வந்தது. இந்த முறையும் அப்படி வந்தால் மனுவை முடித்துவிடுவார்கள். போன வாரம் அதைச் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டார்.

“தம்பி, நீங்க பஸ்ஸ விட்டு இறங்குறத பண்ணை வாட்ச்மேன் டீக்கடையில இருந்து பாக்குறான். நீங்க நடந்து வர்றதுக்குள்ள சைக்கிள்ல போயி வாய்க்காலப் பலகை போட்டு அடைச்சிர்றான். ஒங்களுக்குக் கெடைக்கிறது ஏறி நிக்கிற கடத்தண்ணிதான். மாப்பிள்ளை அழைப்பு மாதிரி வந்தா எப்புடி?”

அதனால் இன்று உச்சிப்புளியில் அவர் தம்பி சிக்கந்தர் மொபெட்டோடு காத்திருந்தார். மீன் வியாபாரி. என் பெட்டியில் இருந்த அலுவலகப் பெயரைச் சாக்கால் மூடி, எனக்கு ஒரு கைலியும் கொடுத்தார்.

“இப்பத்தான் ஆளு மாதிரி இருக்கீக.”

6.50. புதுமடம் டீக்கடையிலிருந்து வாட்ச்மேன் குரல் கொடுத்தார். “என்ன மீனுப்பா?”

“காரலு. வேணுமா?” என்றார் சிக்கந்தர், பழக்கத்தில்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டார். “கடலுக்குப் போறவன் மீனக் கொண்டா போவான்? மாட்டிக்கிட்டோம் தம்பி!” வண்டியை முறுக்கினார்.

வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில் அக்கா நின்றிருந்தார். பலகை இல்லை. கறுப்புத் தண்ணீர் நுரைத்து விழுந்துகொண்டிருந்தது. அவசரத்திலும் விதியை விடவில்லை: அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, பிறகே நிரப்பினேன். அடுத்து கடல், அடுத்து வாய்க்கால் ஓரத்திலேயே இருந்த அக்கா வீட்டுக் கிணறு. இடம், நேரம், என் கையெழுத்து, சாட்சியாக அக்கா கையெழுத்து. கடைசி மூடியைத் திருகும்போது சைக்கிள் வந்து நின்றது.

“ஏலே, யாரக் கேட்டு எடுக்குற?” வாட்ச்மேன் பலகையைத் தேடி ஓடினார்.

“இனி அடைச்சு என்னப்பா? இங்கன வந்து ஒரு வாய் குடிச்சுப் பாரு” என்றார் அக்கா.

9.15க்கு மூன்று பாட்டிலும் ஆய்வுக்கூடத்தில் இருந்தன.

தண்ணீர் கெட்டிருக்கிறது என்று முடிவு வந்தது, வாய்க்காலை மூட உத்தரவும் வந்தது. அதைக் கொண்டுபோனவனும் நான்தான். பாசி எடுக்கும் பெண்கள் நடுவில் அக்கா அதை உரக்க வாசித்தார். எங்கள் ஊரில் குடிதண்ணீர் ஊருணிக்குள் மாட்டை இறக்கினால் ஊரே திரண்டுவிடும். இத்தனை பெரிய கடலுக்கு யார் திரள்வார்கள் என்று வேலையில் சேர்ந்தபோது நினைத்ததுண்டு. அன்று மணல் மூட்டை சுமந்து வாய்க்காலை அடைக்க வந்த பெண்களின் வரிசை தெருமுனை வரை நீண்டது. நான் ஒதுங்கி நிற்பதைப் பார்த்த அக்கா, ஒரு மூட்டையைக் காட்டினார்.

“கவர்மெண்டும் ஒரு மூடை தூக்கட்டும்.”

தூக்கினேன்.