பந்தலடியில் ஸ்பானிஷ்

எங்கள் தெரு பெனிட்டா அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டக் கூலி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் ஜஸ்டின் கத்தோலிக்கச் சாமியாராகி, பொலிவியாவில் ஒரு மலையூர்க் கோயிலுக்குப் போய்விட்டார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது.

அம்மா இறந்தபோது அண்ணன் வரவில்லை. அங்கே வெள்ளம், பாதை அடைபட்டுவிட்டது என்றார். அக்கா நம்பவில்லை. அதன்பின் பதினான்கு மாதம் அவர் கூப்பிட்ட எந்த அழைப்பையும் எடுக்கவில்லை. பதினைந்தாம் மாதம் அவருடைய குருக்கள் சபையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். ஜஸ்டின் சாமி காய்ச்சலில் இறந்துவிட்டார். அங்கேயே அடக்கம் செய்தாயிற்று.

கடைசியில் அவர் பக்கத்தில் இருந்தது அந்தக் கோயிலில் சமைக்கும் மார்த்தா என்ற அம்மாள். அவருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். அதிலும் எழுதப் படிக்கத் தெரியாது. அக்காவுக்கு அவரிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது: சாகும்முன் அண்ணன் என்னைத் தேடினாரா? அதை இன்னொருவர் வாயாலோ போனின் மொழிபெயர்ப்புக் குரலாலோ கேட்க அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை.

போனிலேயே பாடம் கேட்டு ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கினார். நடந்து முடிந்ததைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. பந்தலுக்கடியில் குலை வெட்டிக்கொண்டே, முந்தின நாள் செய்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பழகினார். போனேன் என்பதற்கு ‘ஃபூயி’. சாப்பிட்டேன் என்பதற்கு ‘கோமீ’.

பக்கத்து வரிசையில் வெட்டும் ராக்கம்மாள் விடமாட்டார்.

“என்னாத்தா, கொடிக்குப் பாடம் நடத்துறியா?”

“நேத்து செஞ்சதச் சொல்லிப் பழகுறேன் மதினி.”

“அதத் தமிழ்ல சொன்னாலே இங்கன கேக்க ஆளில்ல. இதுல வெளிநாட்டுப் பாஷ வேற!”

அக்காவும் சிரித்தார். பிறகு கூடை நிறையும்வரை வெட்டிக்கொண்டே இருந்தார். ராக்கம்மாளே குரலைத் தணித்துக் கேட்டார்: “சாமி கடைசியா என்ன சொன்னாகன்னு தெரிஞ்சாத்தான் உனக்குத் தூக்கம் வரும்போல?”

“ஆமா மதினி.”

அண்ணனின் முதலாண்டு நினைவுப் பூசை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அன்று மாலை, அங்கே பொழுது விடிந்திருக்கும் நேரம் பார்த்து, அக்கா மார்த்தாவை வீடியோவில் கூப்பிட்டார். எட்டு மாதம் பழகிய அந்த ஒரு வரியைத் திக்காமல் கேட்டார்.

மார்த்தா “நோ” என்றார்.

அதைப் புரிந்துகொள்ளப் பாடம் எதுவும் தேவைப்படவில்லை. மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தார், யாரையும் தேடவில்லை என்று மார்த்தா மெதுவாக, இரண்டு முறை சொன்னார். ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அக்காவிடம் வேறு கேள்வி இல்லை. ஆனாலும் போனை வைக்க முடியவில்லை. அக்காவின் பின்னால் ஜன்னல் இருட்டிக்கொண்டு வருவதை மார்த்தா பார்த்திருக்க வேண்டும். உனக்குப் பகல் முடிந்துவிட்டதே, இன்று என்ன செய்தாய் என்று கேட்டார்.

அம்மா போனபின் அக்காவிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“ஃபூயி” என்று ஆரம்பித்தார். கோயிலுக்குப் போனேன். மெழுகுவர்த்தி வாங்கினேன். சோறு பொங்கினேன், சாப்பிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்று நடக்காத ஒன்றையும் சொன்னார். அண்ணன் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

தமிழில் அதை அக்கா யாரிடமும் சொன்னதில்லை. மார்த்தா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.