மாடி வீட்டு நடிகை

ஈரக் கைக்குட்டையில் ஒட்டிய அந்தப் பச்சை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஏல மையத்தில் அப்பாவின் ஏலக்காயை வாங்கியவர், இன்னும் சில வியாபாரிகளைக் கூட்டிக்கொண்டு போடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து நின்றார். ஒரு பிடி ஏலக்காயை அந்தத் துணியில் வைத்துக் கசக்கினார். துணி பச்சையானது. "இது காயோட நெறமா, கடையில வாங்குன நெறமாண்ணே?" என்றார். அப்பாவுக்குச் சாயம் போட்டவர் என்று பேர் வந்துவிட்டால் அப்புறம் ஊரில் ஒரு பயல் அவர் காயைத் தொடமாட்டான். போட்டது அவர்தான் என்பதும் எனக்குத் தெரியும். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் மாடியிலிருந்து அக்கா இறங்கி வந்தாள். அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, ஐஸ்லாந்துக்காரி. அவள் ஊரில் பேர்போன நாடக நடிகை. "எங்க ஊர்ல பாதி வருசம் இருட்டு. வேற என்ன சோலி? நாடகந்தான்" என்று சிரிப்பாள். சின்ன வயதிலேயே மேடையேறி, ராணியாகவும் பைத்தியக்காரியாகவும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாகவும் நடித்து, அடுத்தவர் எழுதிக் கொடுத்ததைப் பேசிப் பேசி அலுத்துப்போய்த் தூரிகையைப் பிடித்தவள். குரங்கணிக்கு மலையேற வந்தவள், சரிவின் பச்சையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக மனசில்லாமல் எங்கள் மாடியில் குடிவந்தாள். ஒரே மலையை வெயிலில் ஒன்று, மழையில் ஒன்று என்று வரைந்து தள்ளுவாள். எங்கள் பேச்சையும் அப்படியே பிடித்துக்கொண்டாள். அப்பா அவளுக்கு அண்ணன்.

அந்தப் பாழாய்ப்போன அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? அந்த வருடம் விடாத மழையில் காயெல்லாம் வெளுத்துப்போயிற்று. சாயப்பொடியை அவளிடம் கொண்டுபோய், "சாக்குல பேர் எழுத மை வேணும் தாயி. ஏலக்காய் நெறம் அப்படியே வரணும்" என்றார். அவளும் நல்ல காய் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பகல் முழுக்கக் கலந்து கலந்து, அச்சு அசலாக அந்தப் பச்சையை வரவழைத்துக் கொடுத்தாள். அவள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து அப்பா அதைக் காயில் தெளித்துப் புரட்டியதை நான் பார்த்தேன்.

கைக்குட்டையைக் கண்டதும் அக்காவின் முகம் மாறிவிட்டது. அவள் கலந்த பச்சை அவளுக்குத் தெரியாதா? அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். போச்சு, காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ பொத்தென்று தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தாண்ணே பாவி! காயப்போட்ட காய் மேல என் சாயத்தக் கொட்டிட்டேன். பயந்துபோயி சொல்லாம இருந்துட்டேன்!" வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். "வெவரந்தெரியாத பொம்பளையக் குடிவச்சிருக்கீங்களே. மொதல்ல வெரசா காலிபண்ணச் சொல்லுங்கண்ணே" என்று வாங்கியவர் குரலைத் தணித்தார்.

அப்பா அவள் சொன்ன பொய்யைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இன்று அவர் கடையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் பேரைச் சொன்னால் ஊர் இன்றும் மரியாதையாகத்தான் பேசுகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் பழியை ஏற்றதற்கு மறுநாள் காலையில், தெருவே பார்க்க, "இனி ஒரு நிமிசம் இங்க இருக்கக்கூடாது" என்று கத்தி, அவளுடைய படங்களை ஜீப்பில் தூக்கிப் போட வைத்தார். அக்கா அழுதுகொண்டே ஏறினாள். கைபிடித்து ஏற்றிவிட்டவள் நான்தான். அந்தக் கை வெடவெடவென்று நடுங்கியது. ஜீப் தெரு முனையில் திரும்பியதும் அப்பா என் பக்கம் குனிந்து, மெச்சிக்கொண்டே சொன்னார்: "என்னமா நடிக்கிறா பாத்தியா!"